போர்ட்லண்ட் தெருவில் ஒரு ஞாயிறு

மே மாத ஞாயிறு. மான்செஸ்டர் போர்ட்லண்ட் தெருவில் கார் ஒன்றுகூட இல்லை. நடைபாதையை ஒட்டி இரும்புத் தடுப்பு, அதற்கு அப்பால் தலைகள். 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஆட்களை அணி அணியாக அனுப்புகிறார்கள். முன்னணியில் இருப்பவர்களுக்குக் கைக்கடிகாரத்தைத் தவிர வேறெதிலும் கண் இல்லை. பின்னால் நிற்பவர்கள்தான் பார்க்க வேண்டியவர்கள். யாருக்காக நிதி திரட்டி ஓடுகிறார்கள் என்று பனியன்களைப் படித்தாலே பொழுது போய்விடும்: புற்றுநோய், இதயம், நாய்க் காப்பகம், இறந்துபோன அப்பாவின் படம்.

அந்தக் கும்பலில் ஓர் அம்மாள். ஐம்பதைத் தாண்டியிருக்கும். முழங்காலில் பட்டை. நெஞ்சில் எண் தாள். நான்கு ஊக்குகளில் ஒன்று கழன்று காற்றில் படபடக்கிறது. தடுப்புக்கு இந்தப் பக்கம் காது நிறைய வளையம் போட்ட பையன் ஒருவன். கையை நீட்டி ஊக்கைக் குத்திவிடுகிறான். மகனோ, யாரோ. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அவள் முதுகில் 'ஏகேடி' என்று மூன்று எழுத்து. ஆல்பர்ட் கென்னடி பெயரில் தொடங்கிய அறக்கட்டளை அது. சால்ஃபர்ட் சிறுவர் இல்லத்திலிருந்து ஓடிவந்தவன் ஆல்பர்ட். 1989 ஏப்ரலில், தன்பாலீர்ப்பாளர்களை அடிக்கவென்றே காரில் கிளம்பிய ஒரு கும்பல் துரத்த, கார் நிறுத்தும் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுந்து செத்தான். வயது 16. அது நடந்த சோர்ல்டன் தெரு இந்தப் போர்ட்லண்ட் தெருவில் வந்துதான் முட்டுகிறது. ஒலிபெருக்கியில் பாட்டு அலறுகிறது. எல்லாரும் கைதூக்கிக் குதிக்கிறார்கள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க யாருக்கு நேரம்?

வளர்ப்புத் தாயாக இருந்து பழகிய கேத் ஹால் என்ற பெண்மணி அதே ஆண்டில் இந்த அமைப்பைத் தொடங்கினார். யோசனை எளிமையானது. பெற்றவர்கள் வெளியே தள்ளிய பிள்ளையைத் தன்பாலீர்ப்பாளர் ஒருவரின் வீட்டில் தங்கவைப்பது. இன்னும் தேவை தீரவில்லை. பிரிட்டனில் வீடில்லாத இளைஞர்களில் 24 சதவீதம் வரை பால்புதுமையினர் என்று 2015-இல் இவர்கள் வெளியிட்ட அறிக்கை சொன்னது. நடைபாதையில் தேடினால் அத்தனை பேரும் அகப்பட மாட்டார்கள். பலர் நண்பன் வீட்டுச் சோபாவில் இருப்பார்கள், எப்போது கிளம்பச் சொல்வார்களோ என்று.

ஓட்டம் ஓல்ட் டிராஃபோர்டு பக்கம் போய்த் திரும்பி டீன்ஸ்கேட்டில் முடிகிறது. வேகக்காரர்கள் வந்து, குளித்து, சாப்பிட்டும் இருப்பார்கள். அம்மாள் இப்போதுதான் வருகிறாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது. இடது காலை இழுத்துக்கொண்டு ஒரு விரைவு நடை. தடுப்பில் சாய்ந்திருந்த முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் அவள் எண்ணைப் படித்து உரக்கக் கூப்பிடுகிறார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கோட்டைத் தாண்டும்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை. இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்து, நன்கொடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிறாள். வளையக்காதுப் பையன் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துகிறான்.

அங்கே வரி கட்டுபவர் ஒருவர் இப்படி 10 பவுண்டு கொடுத்து ஒரு கட்டத்தில் குறியிட்டால், அரசு 2.50 பவுண்டு சேர்த்துக் கொடுக்கும். தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்று உள்ளாட்சிகளுக்கு 1988-இல் தடை போட்டு, இங்கிலாந்தில் 2003 வரை அதை விடாமல் வைத்திருந்த அதே அரசு.