வீதிக்கு அப்பால் ஒரு வாசகர்

பேசும்போது எல்லாம் விளங்கிவிட்டது போலவே இருக்கும். எழுத உட்கார்ந்தால்தான் எது விளங்கியது, எது விளங்கவில்லை என்பது தெரியவரும். நெல் விலை, ஆசிரியர் இடமாற்றம், கோயில் நிர்வாகம், தேர்தல் என்று ஆலையடிவேம்பில் மாலை வேளைகளில் பேசாத விடயம் இல்லை. "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று ஒருவர் சொன்னால் போதும், பேச்சு அடுத்த விடயத்துக்குப் போய்விடும். அதே வசனத்தைக் கடதாசியில் எழுதிப் பாருங்கள். யாருக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்ற கேள்விகள் பின்னாலேயே வந்து நிற்கும். பேச்சு கேட்காமல் விட்ட கேள்விகளை எழுத்து கேட்கிறது. எழுதத் தொடங்கியதில் எனக்குக் கிடைத்த முதல் பயன் இதுதான்.

இலங்கையின் கிழக்குக் கரையில் ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். இந்தப் பக்கம் தமிழர், அந்தப் பக்கம் முஸ்லிம்கள். சந்தை ஒன்று, பஸ் ஏறும் இடம் ஒன்று, வயல் வட்டைகளும் பக்கம் பக்கமாகவே இருக்கின்றன. பேசுவதும் ஒரே மொழி. ஆனால் காலையில் நடந்த ஒரு சம்பவம் மாலைக்குள் இரண்டு கதைகளாகிவிடும். ஒன்று எங்கள் தெருக்களில் உலவும், மற்றது அவர்கள் தெருக்களில் உலவும். ஒரு பக்கத்துக் கதையை மறுபக்கத்தில் யாரும் கேட்பதில்லை. 1985இலும் 1990இலும் தமிழர், முஸ்லிம் மோதல்களில் இந்தக் கரை கண்ட இரத்தத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இரண்டு கதைகள் தனித்தனியாக வளர்வது எவ்வளவு ஆபத்தானது என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நான் எழுதத் தொடங்கியது 2020இன் கடைசியில். அந்த நவம்பரில் அக்கரைப்பற்றுச் சந்தையை ஒட்டிக் கொரோனா பரவியது. அக்கரைப்பற்று பொலிஸ் பிரிவு தனிமைப்படுத்தப்பட்டது. கடப்பைத் தாண்ட முடியாத நாட்களில் கதைகள் மட்டும் தாராளமாக நடமாடின. யார் கொண்டுவந்தார்கள், யார் மறைத்தார்கள், யாரால் பரவியது என்று தொலைபேசி வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தீர்ப்பு வந்து சேர்ந்தது. கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கனத்தது. நான் உண்மையில் என்ன நினைக்கிறேன் என்பதை அறிந்துகொள்ளவே ஒரு கொப்பியை எடுத்து எழுதினேன். தனிமைப்படுத்தல் நீங்கியதும் எழுதியதில் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து, தெரிந்தவர்கள் சிலருக்குக் கொடுத்தேன்.

அவர்களில் ஒருவர் வீதிக்கு அப்பால் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், முஸ்லிம். அவர் தாளை முழுவதும் வாசித்துவிட்டு, பென்சிலால் சில வசனங்களின் கீழே கோடு போட்டுத் தந்தார்.

"தம்பி, இது நீங்க கண்டதா, கேட்டதா?"

"கேட்டது சேர்."

"அப்ப கேட்டதெண்டு எழுதுங்க. அதில ஒரு குறையும் இல்ல. வாசிக்கிற ஆள் அதுக்குத் தக்கமாதிரி எடுத்துக்கொள்ளுவார்."

அன்றிலிருந்து இதுவே என் எழுத்து முறையாகிவிட்டது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வசனத்தின் ஓரத்திலும் குறி போடுவேன். கண்டது, கேட்டது, நினைத்தது என்று மூன்றே மூன்று குறிகள். ஒரு பக்கம் முழுவதும் 'கேட்டது' என்று நிரம்பினால் அந்தப் பக்கம் இன்னும் வெளியே போகத் தயாராகவில்லை. யாரையாவது நேரில் பார்த்துக் கேட்க வேண்டும், ஏதாவது ஓர் ஆவணத்தைத் தேடி வாசிக்க வேண்டும். 'நினைத்தது' என்ற குறி உள்ள வசனங்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தால் என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எனக்கே தெரிந்துவிடும்.

இந்த முறை எனக்கு மிகவும் உதவியது முஸ்லிம்களின் ஜனாஸாக்கள், அதாவது இறந்தவர்களின் உடல்கள், எரிக்கப்பட்ட விடயத்தில். 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொரோனாவால் இறந்த எவரது உடலும் எரிக்கப்பட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. புதைக்கலாம் அல்லது எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே, மார்ச் மாதத்தில், வழிகாட்டியிருந்தது. பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலும் டிசம்பரில் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அதை எதிர்த்து, கொழும்பில் பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். எங்கள் பக்கத்தில் "எரிச்சா என்ன, நோய்தானே முக்கியம்" என்ற பேச்சு பரவலாக இருந்தது. அந்தப் பேச்சைப் பற்றி ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன்.

எழுதிக்கொண்டு போகையில், பேச்சில் யாருமே தொடாத ஓர் உண்மை முன்னால் வந்து நின்றது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இறந்தவர்களைப் புதைப்பவைதாம். எங்கள் மூத்தோர் பலர் மண்ணில்தான் கிடக்கிறார்கள். அந்தக் கட்டளை எங்களையும் சேர்த்தே கட்டியது. அப்படியிருந்தும் அதை 'அவர்களுடைய பிரச்சினை' என்றே பேசிக்கொண்டிருந்தோம். வீதிக்கு அப்பால் இருக்கும் அந்த ஆசிரியர் வாசிப்பார் என்ற நினைவு எழுதும்போது கூடவே இருந்ததால்தான், 'நம்முடைய வழக்கம் என்ன' என்ற கேள்வியை என்னால் கடந்துபோக முடியவில்லை. 2021 பெப்ரவரி 25இல் அந்தக் கட்டளை மாற்றப்பட்டது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. இவையெல்லாம் பின்னால் நடந்தவை. எனக்குத் தேவையான தெளிவு அந்த ஒரு பக்கத்தை எழுதும்போதே கிடைத்திருந்தது.

தனக்கு மட்டும் எழுதும் நாட்குறிப்புக்கும் பிறர் வாசிக்க எழுதும் பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு பெரும் வரலாற்றுச் செல்வம். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் மாளிகையில் நடந்தது எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதை அவர் காலத்தில் யாரும் வாசித்து, "இது கண்டதா, கேட்டதா" என்று அவரைக் கேட்டிருக்க முடியாது. நாட்குறிப்பு நடந்ததைக் காப்பாற்றித் தரும். நம் எண்ணம் தேறுவதற்கோ எதிரே ஒருவர் இருக்க வேண்டும். அவர் நம் தெருக்காரராக இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

இந்தக் கரை அதற்கு நல்ல முன்மாதிரிகளைத் தந்திருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். மறைந்துபோன யாழ் என்ற இசைக்கருவியைப் பற்றிச் சிலப்பதிகாரத்தில் வரும் சில அடிகளில் தொடங்கிய ஆராய்ச்சி அவருக்குப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தது. அந்த ஆண்டுகளில் அவர் எண்ணங்களைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை. சொற்பொழிவாற்றினார், கட்டுரை எழுதினார், அறிந்தவர்கள் முன்னால் வைத்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்புதூரில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமானார். முடிவு தெரிந்த பிறகுதான் பேசுவேன் என்று அவர் காத்திருந்தால், நமக்கு அந்த நூல் கிடைத்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

கல்முனைப் பக்கம் பெரியநீலாவணையில் நீலாவணன், பாண்டிருப்பில் சண்முகம் சிவலிங்கம், மருதமுனையில் மருதூர்க்கொத்தன், கல்முனைக்குடியில் எம். ஏ. நுஃமான் என்று தமிழரும் முஸ்லிம்களுமாக ஓர் எழுத்தாளர் தலைமுறையே ஒருவரை ஒருவர் வாசித்து வளர்ந்தது. நுஃமான் 1969இல் 'கவிஞன்' என்ற இதழை நடத்தினார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதியவரும் அவரே. கிழக்கில் பிறந்த ஒரு முஸ்லிம் கவிஞர் வடக்கின் இழப்பைத் தன் இழப்பாக எழுதினார். தன் ஊர் வாசகரை மட்டும் மனத்தில் வைத்து எழுதியவருக்கு அது வாய்த்திருக்காது.

எங்களைப் பற்றி வெளியார் எழுதியதும் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல்லாண்டுகள் ஆய்வு செய்து 2008இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழியாக வருவதையும், கலியாணத்தோடு வீடு மகளுக்குப் போவதையும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். இதெல்லாம் எங்கள் உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும் தெரிந்ததுதான். 'எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று நாங்கள் எழுதாமல் விட்டதை அவர் கேட்டு எழுதினார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கூடவே, எங்கள் வாழ்க்கையை எங்கள் மொழியில், எங்கள் கேள்விகளோடு எழுதும் கடமை எங்களுக்கும் உண்டு என்பதை உணர வேண்டும்.

எழுத நினைக்கிற இளையவர்கள் என்னிடம் வந்து, "எனக்கு என்ன தெரியும், நான் எழுத?" என்று கேட்கிறார்கள். தெரிந்து முடிந்தவர்கள் எழுதுவதற்கென்று எழுத்து ஒதுக்கி வைக்கப்படவில்லை. உங்களை உறுத்தும் ஒரு கேள்வியை எடுங்கள். உங்கள் வட்டையில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் ஏன் பிந்துகிறது, உங்கள் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு ஏன் மெலிகிறது, உங்கள் அம்மம்மா கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கில் எதைப் பார்த்து வளர்ந்தார் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும். இரவில் எழுதியதைக் காலையில் வாய்விட்டு வாசியுங்கள். வாய் தடுக்கும் இடத்தில் எண்ணமும் தடுக்கியிருக்கும். ஓரத்தில் அந்த மூன்று குறிகளைப் போடுங்கள். பிறகு, உங்களோடு எப்போதும் ஒத்துப்போகும் நண்பரை விட்டுவிட்டு, ஒத்துப்போகாத ஒருவரிடம் கொடுங்கள்.

அவர் கோடு போடுவார், சில வேளை கோபப்படுவார். அந்தக் கோபத்துக்கும் ஒரு பதில் எழுத வேண்டி வரும். அதை எழுதும்போது உங்கள் எண்ணம் இன்னும் ஒருபடி தெளியும். அவரும் தன் பக்கத்துக் கதையை எழுதத் தொடங்கினால், இரண்டு கதைகளும் முதல் முறையாக ஒரே மேசையில் இருக்கும். எதில் ஒத்துப்போகிறோம், எதில் மாறுபடுகிறோம் என்று இருவரும் வசனம் வசனமாகப் பார்க்கலாம். ஒரே சந்தையில் மீன் வாங்கும் மக்களுக்கு இது பெரிய காரியமில்லை. அதற்கு வேண்டியது ஒரு கொப்பி, ஒரு பேனை, வீதியைக் கடந்து போய்க் கொடுக்கும் துணிவு. முதல் பக்கத்தை இந்தக் கிழமையே எழுதுங்கள்.