தவறிய குறிக்குப் பின்

இவ்வாரம் ஒரு விளையாட்டு வீராங்கனையைக் குறித்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். கொரிந்து சபைக்கு எழுதியபோது பவுலும் ஓட்டப் பந்தயத்தையே உவமையாக எடுத்தாண்டார். ஆகையால் இது நம் தியானத்துக்கு அந்நியமான பொருளன்று.

இளவேனில் வாலறிவன் 1999ஆம் ஆண்டில் கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்தவர். அவருடைய போட்டி 10 மீட்டர் ஏர் ரைபிள். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. நம் வயலில் விளையும் நெல்மணியைவிட மிகச் சிறியது. தகுதிச் சுற்றில் 60 முறை சுட வேண்டும். ஒரு முறைக்கு அதிகபட்சம் 10.9 புள்ளிகள். முதல் எட்டுப் பேர் மட்டுமே இறுதிச் சுற்றுக்குச் செல்வர்.

2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையிலும், சீனாவின் புதியானில் நடைபெற்ற உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் அவர் தங்கம் வென்றார். மிகுந்த எதிர்பார்ப்போடு 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிற்குச் சென்றார். அங்கே 626.5 புள்ளிகளுடன் 16ஆம் இடமே கிடைத்தது. மூன்று ஆண்டுகள் உழைத்து 2024இல் பாரிசுக்குச் சென்றார். இம்முறை 630.7 புள்ளிகள், முன்னதைவிட 4.2 அதிகம். ஆயினும் 10ஆம் இடம். உடன் சென்ற ரமிதா ஜிந்தால் 631.5 புள்ளிகளுடன் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார். அறுபது முறைக்கும் சேர்த்து இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.8 புள்ளி மட்டுமே.

நம் மானாம்பதியில் இந்த 0.8ஐ அறியாத வீடு உண்டோ? அரசுப் பணித் தேர்வில் இருமுறை சொற்ப மதிப்பெண்ணில் வாய்ப்பை இழந்த ஒரு வாலிபன் சில மாதங்களாகக் கடைசி வரிசையில் அமர்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போய்விடுவான். ஒரு மாலை அவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசினேன். "தேர்வில் தவறியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், ஐயா. அதன்பின் வீட்டில் ஒருவரும் அதைப்பற்றிப் பேசாததைத்தான் தாங்க முடியவில்லை" என்றான். மூன்றாம் முறைக்கான விண்ணப்பத்தை அவன் நிரப்பவேயில்லை.

அவனுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். பனி உறைந்த நாடுகளில் பயத்லான் என்றொரு போட்டி உண்டு. துப்பாக்கியை முதுகில் சுமந்தபடி பனிச்சறுக்கில் விரைந்து, இதயம் படபடக்கும் வேளையில் நின்று குறிபார்த்துச் சுட வேண்டும். விரைவோட்டப் பிரிவில், தவறிய ஒவ்வொரு குறிக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஒன்று உண்டு. அதை ஓடி முடித்த பின்னரே பந்தயப் பாதைக்குத் திரும்பலாம்.

1992இல் பிரான்சின் ஆல்பர்வில் ஒலிம்பிக்கில் ரஷ்ய வீராங்கனை அன்ஃபிசா ரெஸ்ட்சோவா 7.5 கிலோமீட்டர் விரைவோட்டத்தில் கலந்துகொண்டார். பத்துக் குறிகளில் மூன்றைத் தவறவிட்டார். மூன்று தண்டனைச் சுற்றுகளையும் ஓடினார். கூடுதல் தொலைவு கடந்தும் தங்கம் அவருக்கே கிடைத்தது. அவருக்கு அடுத்து வந்தவர் தவறவிட்ட குறிகளோ இரண்டுதான்.

பிரியமானவர்களே, அந்தச் சுற்றின் பொருளைக் கவனியுங்கள். தவற்றுக்கு விலை உண்டு. அது இலவசமாக மன்னிக்கப்படுவதில்லை. ஆனால் அந்த விலைக்கு ஓர் அளவும் உண்டு. 150 மீட்டர் முடிந்ததும் பாதை திறந்திருக்கிறது. ஒருவரும் அதே வட்டத்தில் நாள் முழுதும் சுற்றிக்கொண்டிருப்பதில்லை. நாமோ நம்மையும் நம் பிள்ளைகளையும் ஒரே தவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் அந்த வட்டத்திலேயே ஓடவிடுகிறோம். வீட்டில் நிலவும் மௌனமும் அத்தகைய வட்டமே.

இளவேனில் அதற்குள் நின்றுவிடவில்லை. 2025 ஆகஸ்டில் கஜகஸ்தானின் ஷிம்கென்ட்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில், இறுதிச் சுற்றில் 253.6 புள்ளிகள் பெற்றுத் தங்கம் வென்றார். பாரிசில் இழந்தது அதனால் திரும்பிவிடவில்லை. அந்த 10ஆம் இடம் ஏட்டில் அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே அடுத்த குறியை நோக்கினார்.

மூன்றாம் முறை வெற்றி நிச்சயம் என்று நான் ஒருவருக்கும் வாக்குக் கொடுக்க இயலாது. பெற்றோரே, உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். இவ்வாரம் இரவு உணவு வேளையில் அந்தத் தேர்வைக் குறித்து நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். "அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்டு, பதிலைப் பொறுமையோடு கேளுங்கள். வாலிபரே, உங்கள் சுற்றை ஓடி முடித்துவிட்டீர்கள். பாதைக்குத் திரும்புங்கள்.

தேவ கிருபை உங்களோடிருப்பதாக.