முதலில் அவர்களிடம் கேளுங்கள்

டிமென்ஷியா வந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நாமோ "எப்படி இருக்காங்க?" என்று வீட்டுக்காரர்களிடம் விசாரிப்போம். எனக்கு இது மனசுக்கு ஒப்பவே இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ரெபெக்கா லாக்ஸ்டன் குழுவினர் 1999இல் வெளியிட்ட, வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஒரு கேள்வித்தாள், நோயாளியையே நேரில் கேட்கிறது. உடல்நலம், மனநிலை, ஞாபகம், குடும்பம், நட்பு, பணம் என்று 13 விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. பராமரிப்பவரையும் தனியே கேட்பார்கள். இரண்டையும் சேர்க்கும்போது நோயாளியின் பதிலுக்கு இரட்டிப்பு மதிப்பு. சரியான நியாயம் அது!

பல ஆய்வுகளில் பராமரிப்பவர் போடும் மதிப்பெண்தான் குறைவாக வருகிறது. அவர்களுடைய களைப்பும் கவலையும் அதில் கலந்துவிடுகின்றன.

எங்கள் பெரியம்மாவுக்கு என் பெயர் நினைவில்லை. ஆனால் முறத்தில் முருங்கைக்கீரையைப் போட்டுக் கொடுத்தால், ஒரு காம்பு விடாமல் உருவி வைப்பார். கேட்டால், "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். ராத்திரியெல்லாம் கண்விழிக்கும் அக்காவோ, "அம்மா படற பாடு சொல்லி மாளாது" என்று கலங்குவாள். பெரியம்மா சொல்வதை மறதியின் உளறல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அக்காவுக்கு வேண்டியது ஓய்வு. அது தனிக் கணக்கு.

பேச்சே நின்றுபோனவர்களிடம் இந்தத் தாள் உதவாது. முகத்தையும் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

பேச முடிகிறவர்களிடம் தயவுசெய்து நேராகக் கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். குறுக்கே பேசாமல் காத்திருங்கள்.