முரசறைந்த அண்ணன்

மணிமேகலையின் முதற்காதைக்கு விழாவறை காதை என்று பெயர். 28 நாள் நடைபெறும் இந்திர விழாவைப் புகார் நகரத்தார்க்கு அறிவிக்க ஒருவன் வருகிறான். யானையின் பிடரியில் முரசை ஏற்றி அறைகிறான். தெருவெல்லாம் புதுமணல் பரப்புங்கள், வாழையும் கரும்பும் நடுங்கள், பகைவரே எதிர்ப்பட்டாலும் பூசலிடாது விலகிச் செல்லுங்கள் என்கிறான். பழங்குடியில் பிறந்தவன் என்று அவனைச் சாத்தனார் சிறப்பிக்கிறார்.

சென்ற தையில் நம் பொங்கல் விழாவன்று பழம்புகாரை ஒரு பகற்பொழுது நடத்திக் காட்டினோம் அல்லவா? வணிகர் வீதி வைத்தோம், உப்பு விற்றோம். முரசறைய யார் என்ற பேச்சு முடியுமுன் எழுந்தவர் வேதியியல் ஆராய்ச்சி மாணவரான நம் அண்ணன்.

முரசு கிடைக்கவில்லை. பூசைக் காலமென்றால் சியால்தா நிலையத்தருகே டாக் அடிப்போர் கூட்டங் கூட்டமாய் நிற்பர். தையில் அவர்களை எங்கே தேடுவது? ஒரு வங்காள நண்பன் தன் தெருக் கழகத்திலிருந்து இறகு கட்டிய டாக் ஒன்றைத் தூக்கி வந்தான். யானைக்குப் பதில் கைரிக்‌ஷாவில் ஏற்றிவிடலாம் என்றான் ஒருவன். அண்ணன் முகம் மாறிற்று. “ஒருத்தர் இழுக்க நான் உட்கார்ந்தா? நடந்தே வர்றேன் தம்பி” என்றார்.

நடந்தே வந்தார். இரு குச்சிகளும் தோலில் விழுந்ததும் மாடிகளில் தலைகள் முளைத்தன. ஒலிபெருக்கி இல்லை. விழாச் செய்தியைத் தம் சொந்தத் தமிழில் கூவினார்; அதே மூச்சில், சாப்பாடு ஒரு மணிக்கு, செருப்பை வெளியே விடுங்கள் என்றும் அறைந்தார். இயற்பியல் நண்பன் ஒருவன் டெசிபெல் கணக்குச் சொல்லத் தொடங்கினான், அடக்கி வைத்தோம்.

அன்றிரவு விடுதி மாடியில்தான் அண்ணன் மனந்திறந்தார். அவர் தாத்தா தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரில் தமுக்கடித்தவர். இழவென்றாலும் ஏலமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூலி, அறுவடையில் களத்து நெல். காய்ச்சல் என்று சொல்லவும் உரிமையில்லை.

இங்கிலாந்தின் பழைய நகரங்களில் சிவப்பு மேலங்கி அணிந்து, மணியடித்துக் கூவுவோர் இன்றும் உண்டு. அவர்களுள் பலர் தாமே விரும்பி வந்தவர்கள். போட்டிகள் கூட நடக்கின்றன. நம்மூரில் அந்த வேலைக்கு யாருடைய விருப்பத்தையும் கேட்டதில்லை, பிறப்பையே கேட்டார்கள். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமே ஜப்தி ஆணையைப் பறையறைந்து அறிவிக்கச் சொல்கிறது. யார் அறைவது என்று எழுதவில்லை. எழுதாமலே ஊருக்குத் தெரியும்!

2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோராவை நிறுத்தச் சொல்லி, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் செய்தி அறிவிக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது. மிக நல்ல காரியம். எங்கள் ஊரில் தமுக்கடித்தவர் திண்ணைக்குக் கீழே, வெயிலில் நின்று சொல்வார். திண்ணையில் இருந்து கேட்டவர் என் தாத்தா. அண்ணனிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார்.

“அவரை அடிக்கச் சொன்னாங்க, அடிச்சார். இன்னைக்கு என்னை யாரும் சொல்லலை. குச்சி கையில எப்படி இருக்கும்னு பார்க்கணும்போல இருந்துச்சு” என்றார்.

“எப்படி இருந்துச்சு அண்ணே?”

“கை வலிக்குது” என்று சிரித்தார்.

ஆராய்ச்சியை முடித்து அவர் ஐதராபாத்துக்குப் போய்விட்டார். வருகிற தைக்கு முரசறைய விரும்புவோர் பெயர் தரலாம் என்று செயற்குழு அறிவித்திருக்கிறது. மூவர் கொடுத்திருக்கிறோம். மற்ற இருவரும் தொண்டை வளமுள்ளவர்கள்.