குரல் இல்லாத மூன்று வாரங்கள்

கடந்த ஜனவரி மாதத் தொடக்கத்தில் எனக்குக் குரல் போய்விட்டது. வானொலி அறிவிப்பாளருக்குக் குரல் போவது என்பது, பால்மரம் வெட்டுபவருக்குக் கை விழுந்துபோவதைப் போல. குரல் நாண்களில் சிறு முடிச்சுகள் என்றார் டாக்டர். மூன்று வாரங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது. அதற்குப் பிறகுதான் மற்றதைச் சொல்ல முடியும் என்றார்.

ஒன்பது ஆண்டுகளாகக் காலை நிகழ்ச்சி நடத்துகிறேன். படித்தது ஊடகவியல், உழைத்தது நான், பெயர் வாங்கியதும் நான் என்றுதான் மனத்துக்குள் ஒரு கணக்கு இருந்தது. என் இடத்தில் வேறொருவர் நிகழ்ச்சி செய்வதை முதல் நாள் காரில் கேட்டேன். நன்றாகவே செய்தார். அதுதான் வலித்தது.

கோலாலம்பூர் வீட்டில் இருந்தால் பேசிவிடுவேன் என்று பயந்து, நெகிரி செம்பிலானில் ரந்தாவ் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அப்பாவும் பாட்டியும் அங்கேதான் இருக்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து பல வருடங்களாகிவிட்டன. லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. ஆனால் சிறிய செபக்கூடம் மட்டும் அப்படியே இருக்கிறது. சிரம்பானிலிருந்து மாதம் ஒருமுறை பாதர் வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் மிஞ்சியிருக்கும் ஏழெட்டுக் குடும்பங்கள் தாங்களாகவே கூடிச் செபமாலை சொல்லும்.

பேச முடியாதவளுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். நாற்பது வருடம் மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்பே பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு நிரைக்குள் போனவர். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை சரியாக வளராது.

"நீங்க ரொம்ப நல்லா வெட்டுவீங்களாமே?" என்று ஒரு நாள் தாளில் எழுதிக் காட்டினேன். பாட்டிக்கு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டுச் சிறுவன் படித்துக் காட்டினான். பாட்டி சிரித்தார்.

"நான் கீறத்தானே செஞ்சேன், கண்ணு. பால் விட்டது மரம். மழை பேஞ்சா அன்னைக்குப் பேரும் இல்ல, சம்பளமும் இல்ல. எவ்வளவு கெட்டிக்காரியா இருந்தாலும் மழையை நிறுத்த முடியுமா? அதனாலதான் சாமி கும்பிட்டுட்டுக் காட்டுக்குப் போவேன்."

ஜனவரி 14 புனித தேவசகாயத்தின் திருநாள். பொங்கலும் ஒட்டியே வருவதால் பக்கத்து வீட்டுப் பானையின் மணத்தோடுதான் எங்கள் செபமும் நடந்தது. செபம் நடத்தும் பெரியவர் அவர் கதையைச் சொன்னார். 1712-இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தவர், இயற்பெயர் நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரி. குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அதே அரசின் தளபதியான டச்சுக்காரர் டிலனாய், துன்பத்தில் தவித்த அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்றார்கள். கடவுளே துணை என்பது பொருள். பதவியும் குலமும் துணை என்று வாழ்ந்தவருக்கு அந்தப் பெயர்!

பிறகு எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். 1749-இல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் ஆனார். அதற்கு முன்பே அவர் பெயரின் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கியிருந்தது.

வீடு திரும்பும்போது அப்பா முகம் இறுகியிருந்தது. "தாழ்மை, தாழ்மைன்னு சொல்றாங்க. நாம தாழ்ந்தது போதாதா? துரை எதிரே வந்தா சைக்கிளை விட்டு இறங்கி நின்னவங்கம்மா நாம."

அப்பா தொழிற்சங்கத்தில் இருந்தவர். அவர் சொன்னது வெறும் கதையல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர்விட்டவர்களும் உண்டு.

எனக்குப் பதில் சொல்ல வாய் துடித்தது, முடியவில்லை. நல்லதாகப் போயிற்று. உடனே பேசியிருந்தால் மைக் முன்னால் பேசுவதுபோல ஏதாவது அழகாகச் சொல்லியிருப்பேன். இரவு முழுவதும் யோசித்தேன். தேவசகாயம் அரண்மனைக்குப் பணியவில்லையே! கடவுள் முன்னால் முழந்தாளிட்டவர், அதிகாரத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். பிறர் நம்மைக் குனிய வைப்பது அவமானம். 'எல்லாம் என்னால்தான்' என்ற எண்ணத்தை நாமே இறக்கி வைப்பதுதான் தாழ்மை. முதலாவதை எதிர்க்க வேண்டும். இரண்டாவதைத்தான் நான் கற்றுக்கொள்ளவே இல்லை. காலையில் இதை எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் முடிந்து வந்த ஞாயிறு. மெதுவாகப் பேசலாம் என்று டாக்டர் அனுமதி தந்திருந்தார். செபமாலையைத் தொடங்கும்படி பெரியவர் என்னிடம் சொன்னார். ஆயிரக்கணக்கானவர்களிடம் பேசியவளுக்கு இருபது பேர் முன்னால் உடம்பு நடுங்கியது. முதல் மணியில் பாதி வரி வந்தது. அப்புறம் காற்றுதான்.

தலைகுனிந்து நின்றேன். ஒரு நொடிதான். பின்னாலிருந்து பாட்டியின் கரகரத்த குரல் அந்த வரியை எடுத்து முடித்தது. மற்றவர்கள் வழக்கம்போல மறுபாதியைச் சொன்னார்கள். அடுத்த மணிக்கும் அப்படியே. வாசலுக்கு அருகில் எப்போதும் வாய்மூடி நிற்கும் அப்பாவின் குரலும் அதில் கேட்டது.

இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன். குரல் பழையபடி இல்லை, கொஞ்சம் கனத்துவிட்டது. "என்ன, குரல் மாறிடுச்சே?" என்று நேயர்கள் அழைத்துக் கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். முடிச்சு மறுபடி வராது என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் மைக்கைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடுகிறேன். மழை வருமா வராதா என்று தெரியாமலே நிரைக்குள் இறங்கிய பாட்டியை நினைத்துக்கொள்கிறேன். கீறுவது மட்டும்தான் என் வேலை.