வாங்கிக்கொண்டேன் என்று எப்போது சொல்வது?

ஆவணக் காப்பகத்துக்கு சர்வர் எழுதுகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஸ்கேன் செய்த பழைய பதிவேடு அரை நொடி தாமதமாக உள்ளே போனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் 'வந்து சேர்ந்தது' என்று சர்வர் சொன்ன பிறகு அது காணாமல் போகக் கூடாது. அனுப்பியவர் அந்தப் பதிலை நம்பித் தன்னிடமுள்ள பிரதியை அழித்துவிடுவார். நெட்டி வேகமானது என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அதை விடாமல் வைத்திருக்கும் காரணம் வேறு. அந்தப் பதிலை எப்போது சொல்வது என்பதை அது முழுக்க என்னிடமே விட்டுவிடுகிறது.

கொரியாவைச் சேர்ந்த டிரஸ்டின் லீ தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் ஃப்ரேம்வொர்க் இது. 2002-இல் ஜாவா 1.4-உடன் வந்த என்.ஐ.ஓ.வை நேரடியாகக் கையாண்டு நொந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

400 எம்.பி. அளவுள்ள பி.டி.எஃப். ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நெட்டியின் எச்.டி.டி.பி. டிகோடர் அதை முழுதாகத் தராது. வழக்கமான அமைப்பில் ஒரு துண்டு அதிகபட்சம் 8,192 பைட். ஆக 51,200 துண்டுகளாவது வரும். பைப்லைனில் அக்ரிகேட்டரைச் சேர்த்தால் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே ஆவணமாகக் கொடுத்துவிடும். வசதிதான். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் 20 ஜி.பி. மெமரி போய்விடும். காப்பகத்தில் அதைச் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி.

துண்டு வர வர அதைக் கோப்பில் எழுத வேண்டும். ஆனால் ஈவென்ட் லூப் த்ரெட்டில் எழுதக் கூடாது. வழக்கமாக அந்த த்ரெட்டுகள் ப்ராசஸர் கோர்களைப் போல் இரு மடங்குதான் இருக்கும். ஒவ்வொன்றும் பல இணைப்புகளைக் கவனிக்கிறது. டிஸ்குக்காக ஒன்று காத்து நின்றால் அதை நம்பியிருக்கும் அத்தனை இணைப்பும் நிற்கும். ஆகவே எழுதுவதற்குத் தனி த்ரெட்டுகள்.

பலருக்கும் சறுக்குவது இந்தக் கைமாற்றில்தான். நெட்டி 4-இல் பைட்பஃப், கார்பேஜ் கலெக்டரை நம்பி இருப்பதில்லை. தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று தானே எண்ணிக்கொள்ளும். சிம்பிள் சேனல் இன்பவுண்ட் ஹேண்ட்லர் நம் மெத்தட் முடிந்த கையோடு பஃபரை ரிலீஸ் செய்துவிடும். அதற்கு முன் ரீடெயின் போடாமல் வேறு த்ரெட்டுக்குக் கொடுத்தால், நல்ல காலமாக இருந்தால் எக்ஸெப்ஷன் வரும். இல்லாவிட்டால் இன்னொருவருடைய ஆவணத்தின் பைட்டுகள் இந்தக் கோப்பில் போய் உட்காரும். அதனால் ஷா-256 ஹாஷை ஈவென்ட் லூப்பில் கணக்கிடாமல், எழுதும் த்ரெட்டிலேயே, எழுதுகிற அதே பைட்டுகளின் மேல் கணக்கிடுகிறேன். ரீடெயின் போட்டதை ரிலீஸ் செய்யாமல் விட்டால் மெமரி ஒழுகும். சோதனை ஓட்டங்களில் லீக் டிடெக்டரைப் பாரனாய்டு நிலையில் வைத்தால் அது எல்லா பஃபரையும் கண்காணிக்கும். கொஞ்சம் மெதுவாகும், ஆகட்டும்.

டிஸ்க் பின்தங்கினால்? சேனலின் ஆட்டோரீடை நிறுத்திவிட வேண்டும். ஏரி மதகை இறக்குவது மாதிரி. நாம் படிக்காததால் கெர்னலின் பஃபர் நிரம்பும், டி.சி.பி. விண்டோ சுருங்கும், அனுப்புகிறவர் தானாக வேகம் குறைவார். அவருக்குத் தனியாக எந்தச் செய்தியும் அனுப்ப வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு முறை படித்ததிலேயே டிகோடர் பல துண்டுகளை உருவாக்கியிருக்கும். மதகை மூடிய பிறகும் அவை வந்துகொண்டிருக்கும். ஃப்ளோ கன்ட்ரோல் ஹேண்ட்லரைப் பைப்லைனில் வைத்தால் அது அவற்றைப் பிடித்துவைத்து, கேட்கும்போது ஒவ்வொன்றாகத் தரும்.

கடைசித் துண்டும் வந்தாயிற்று, அனுப்பியவர் சொன்ன ஹாஷும் நம்முடையதும் ஒத்துப்போகிறது. இப்போது 201 அனுப்பலாமா? கூடாது. எழுதிய பைட்டுகள் இன்னும் பேஜ் கேஷில்தான் இருக்கக்கூடும். கரண்ட் போனால் அவையும் போயின. ஃபைல்சேனலில் ஃபோர்ஸ் அழைத்து டிஸ்குக்குத் தள்ள வேண்டும். பிறகு தற்காலிகப் பெயரிலிருந்து நிரந்தரப் பெயருக்கு ஒரே வீச்சில் மாற்ற வேண்டும். லினக்ஸில் அந்த டைரக்டரியையும் திறந்து ஃபோர்ஸ் செய்ய வேண்டும். கோப்பு பத்திரமாக இருந்து, பெயர் தொலைந்துபோனால் என்ன பயன்? அதற்குப் பிறகுதான் 201.

அந்தப் பதில் வழியிலேயே தொலைந்தால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். அனுப்பட்டும். கோப்பின் பெயரே அதன் ஹாஷ்தான் என்பதால் அதே ஆவணம் அதே இடத்தில்தான் வந்து விழும்.

எடுத்துக் கொடுக்கும் பக்கம் எளிது. ஃபைல் ரீஜன் இருந்தால் கெர்னலே டிஸ்கிலிருந்து சாக்கெட்டுக்கு நேராகத் தள்ளிவிடும். டி.எல்.எஸ். வந்துவிட்டால் அது நடக்காது, நெட்டியின் எஸ்.எஸ்.எல். ஹேண்ட்லர் பைட்டுகளைக் கையில் வாங்கித்தான் குறியாக்கம் செய்ய முடியும். சங்க்டு ரைட் ஹேண்ட்லரை வைத்துக்கொண்டு திருப்தியடைய வேண்டியதுதான்.

2023-இல் ஜாவா 21-உடன் விர்ச்சுவல் த்ரெட் வந்த பிறகு, இத்தனை பாடு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சில நூறு இணைப்புகள்தான் என்றால் நேரடியாக வாசித்து எழுதும் சாதாரண நிரலே போதும். டிஸ்க் தாமதமானால் வாசிப்பும் தானே நிற்கும். புதிதாகத் தொடங்கும் சின்னக் காப்பகத்துக்கு நானும் அதையே சொல்வேன். ஏற்கெனவே பஃபர் கணக்கோடு ஓடிக்கொண்டிருப்பதை மாற்ற மட்டும் எனக்கு மனமில்லை.