மட்டாஞ்சேரி: மூன்று மொழியில் ஒரு மணி
யூதத் தெருவின் மணிக்கூண்டு கரையில் இருந்தவர்களுக்கு நேரம் சொன்னது. விமானியின் கைக்கடிகாரமோ, நேரத்தை வைத்தே தான் இருக்கும் இடத்தைச் சொன்னது. இரண்டின் கதையும் கொச்சியின் ஒரே நீர்ப்பரப்பில் சந்திக்கிறது.

மிளகு முன்பேர வியாபாரத்துக்குப் பெயர் போன தெரு அது. இன்று அங்கு மிளகைவிடப் பழம்பொருள்தான் அதிகம் விலை போகிறது. பித்தளைத் திசைகாட்டிகள், சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரங்கள், எந்தக் கப்பலையும் பார்த்திராத கப்பல் மணிகள். சுற்றுலாப் பயணிகள் பேரம் பேசிக்கொண்டே நடந்து தெருக்கோடிக்கு வந்தால், பரதேசி யூதர்களின் ஜெப ஆலயமும் அதை ஒட்டிய 45 அடி உயர மணிக்கூண்டும் நிற்கின்றன. மட்டாஞ்சேரிக்கு வருபவர்கள் ஆலயத்தின் தரையில் பதித்த நீலநிறச் சீன ஓடுகளைப் பார்த்து வியந்துவிட்டு, மணிக்கூண்டை ஒரு பார்வையோடு கடந்துவிடுகிறார்கள். அது நின்று கவனிக்க வேண்டிய கட்டடம்.

காரணம், அதன் எண்கள். ஒரு முகத்தில் ஹீப்ரு, இன்னொன்றில் ரோமன், மற்றொன்றில் மலையாளம். ஹீப்ருவில் எண்ணுக்குத் தனிக் குறி கிடையாது; எழுத்தே எண். ஆலெஃப் என்றால் ஒன்று, பெத் என்றால் இரண்டு, யோத் என்றால் பத்து. பன்னிரண்டை யோத்தும் பெத்துமாகச் சேர்த்து எழுதுவார்கள். 'க' ஒன்று, 'உ' இரண்டு என்று பழைய ஓலைகளைப் படித்த தமிழருக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. யூதர், ஐரோப்பிய வியாபாரி, உள்ளூர்வாசி என்று தெருவில் நடப்பவர் யாராக இருந்தாலும், அவரவர் எண்ணில் மணி பார்த்துக்கொள்ளலாம்.

கட்டியவர் எசக்கியேல் ரஹபி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகராகக் கொச்சியில் கோலோச்சியவர். மிளகு வியாபாரத்தில் அரசர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே நின்று பேசியவர். 1760ஆம் ஆண்டுவாக்கில் மணிக்கூண்டை எழுப்பினார். சீன ஓடுகளை வரவழைத்ததும் அவர்தான். ஆலயம் அதைவிடப் பழையது. 1568ல் கொச்சி அரசர் தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே கொடுத்த இடத்தில் எழுந்தது. 1662ல் போர்த்துகீசியர் அதைச் சேதப்படுத்தினார்கள். மறு வருடம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகு செப்பனிடப்பட்டது. அரண்மனை வளாகத்தில் பகவதி கோயில், பக்கத்தில் யூத ஆலயம். ஒரு பக்கம் நாழிகைக் கணக்கு, மறு பக்கம் சூரியன் மறையும்போது புது நாள் பிறக்கும் யூதர் கணக்கு, துறைமுகத்தில் ஐரோப்பியரின் மணிக் கணக்கு. பொதுக் கடிகாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

ஆனால் ரஹபியின் கடிகாரம் காட்டிய மணி இன்றைய மணி அல்ல. அன்று ஒவ்வோர் ஊருக்கும் அதன் தலைக்கு மேல் உள்ள சூரியன்தான் நேரம். கொச்சி இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 76 பாகை 15 கலை. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். அந்தக் கணக்கில் கொச்சியின் சொந்த நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 5 நிமிடம் முன்னால் ஓடுகிறது. இந்திய நேரமோ 5 மணி 30 நிமிடம் முன்னால். எனவே கைக்கடிகாரத்தில் 12.25 ஆகும்போதுதான், சராசரியாக, மட்டாஞ்சேரியில் சூரியன் உச்சிக்கு வருகிறது. சென்னை நான்கு பாகை கிழக்கே இருப்பதால் அங்கு உச்சிவேளை 16 நிமிடம் முந்திவிடும். நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகம் கணித்த அந்தச் 'சென்னை நேரத்தில்'தான், 1906ல் இந்திய நேரம் வரும்வரை நாட்டின் ரயில்கள் ஓடின.

இந்த 16 நிமிடத்துக்குள் ஒரு பெரிய ரகசியம் ஒளிந்திருக்கிறது. இரண்டு ஊர்களின் நேர வித்தியாசம் தெரிந்தால், அவற்றுக்கு இடையே உள்ள கிழக்கு மேற்குத் தொலைவும் தெரிந்துவிடும். மாலுமிகளுக்கு அட்சரேகை என்றுமே பிரச்சினையாக இருந்ததில்லை. அரபிக்கடலில் வந்த மரக்கலங்களில் முடிச்சுப் போட்ட கயிறும் சிறு பலகையும் இருந்தன. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை விரல் உயரத்தில் இருக்கிறது என்று அதை வைத்து அளந்தார்கள். அரபியர் அதைக் கமால் என்றார்கள்; தமிழ் மாலுமிகளுக்கு அது ராப்பலகை. தீர்க்கரேகைக்கு எந்தப் பலகையும் உதவவில்லை. அதற்கு, புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிசகாமல் சுமந்து வரும் கடிகாரம் தேவைப்பட்டது. ஊசல் கடிகாரமோ கப்பல் ஆட்டத்தில் தடுமாறியது.

1714ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இதற்கு 20,000 பவுன் வரை பரிசு அறிவித்தது. விடை தந்தவர் ஜான் ஹாரிசன் என்ற தச்சர். அவருடைய நான்காவது கடிகாரம், உள்ளங்கையில் அடங்காத பெரிய பாக்கெட் கடிகாரம் போன்றது, 1759ல் முடிந்தது. 1761ல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட சோதனைப் பயணத்தில் 81 நாளில் அது பின்தங்கியது வெறும் 5.1 விநாடி. மட்டாஞ்சேரியில் ரஹபி கரைக்கு ஒரு கடிகாரம் கட்டிக்கொண்டிருந்த அதே ஓரிரு வருடங்களில் லண்டனில் கடலுக்கு ஒரு கடிகாரம் தயாராகிவிட்டது.

ஆகாயம் இந்தப் பிரச்சினையை மீண்டும் கிளப்பியது. கப்பல் நிதானமாகப் போகும். மாலுமி கணக்கைப் போட்டு முடிக்கும்வரை வெகுதூரம் நகர்ந்துவிடாது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானி கால் மணி நேரம் கணக்குப் போட்டால், விடை வருவதற்குள் 50 கிலோமீட்டர் தாண்டியிருப்பார். நடுங்கும் இருக்கை, குளிர், கையுறை எல்லாம் போதாததற்கு, 30 விநாடி தவறினால் நிலநடுக்கோட்டருகே 14 கிலோமீட்டர் பிழை. கடலில் ஒரு சிறு தீவைத் தேடுபவருக்கு அந்தப் பிழை போதும்.

அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிலிப் வான் ஹார்ன் வீம்ஸ் இதற்கு எளிய வழி கண்டார். அன்றைய கைக்கடிகாரங்களில் மணியையும் நிமிடத்தையும் திருத்தலாம். விநாடி முள்ளைத் திருத்த முடியாது. வீம்ஸ் முள்ளை விட்டுவிட்டு, அதன் கீழே உள்ள விநாடித் தட்டைச் சுழலவிட்டார். ரேடியோவில் நேரக் குறி ஒலிக்கும்போது தட்டை முள்ளுக்கு நேராகத் திருப்பினால் போதும். கடிகாரம் நிற்காமலே சரியாகிவிடும்.

அவரிடம் மாணவராக வந்தவர் சாதாரண ஆள் இல்லை. 1927ல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு முப்பத்துமூன்றரை மணி நேரம் தனியாகப் பறந்து உலகப் புகழ் பெற்ற சார்லஸ் லிண்ட்பெர்க். மறு வருடம் ஹவானாவிலிருந்து திரும்பும் இரவில் திசைகாட்டி பழுதாகி, வழி தவறி, பஹாமா தீவுகளுக்கு மேல் அலைந்த பிறகு, நட்சத்திரம் பார்க்கக் கற்றுக்கொள்ள வீம்சைத் தேடி வந்தார். கற்றதோடு நிற்காமல் ஒரு கைக்கடிகாரத்தையும் வரைந்து கொடுத்தார். ஸ்விட்சர்லாந்தின் லாஞ்சின் நிறுவனம் 1931ல் அதைத் தயாரித்தது.

நாற்பத்தேழரை மில்லிமீட்டர் அகலம். கையுறையோடு திருக வசதியாக வெங்காயம் போன்ற பெரிய திருகு. பறக்கும் கோட்டின் மேல் கட்டிக்கொள்ள நீண்ட வார். முகத்தில் வழக்கமான மணிகளோடு பாகைகளும் உண்டு. மணி முள் ஒரு சுற்றுக்கு 180 பாகை காட்டும்; நிமிட முள் 15 பாகை; விநாடி முள் 15 கலை. கிரீன்விச்சில் பிற்பகல் 4 மணி 37 நிமிடம் 12 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி முள் தருவது 60 பாகை, நிமிட முள் 9 பாகை 15 கலை, விநாடி முள் 3 கலை. கூட்டினால் 69 பாகை 18 கலை. கிரீன்விச்சுக்கு மேற்கே சூரியன் அத்தனை தூரத்தில் இருக்கிறது. பெருக்கல் வேண்டாம், கூட்டல் போதும்.

ஒரு சிக்கல் பாக்கி. சூரியன் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. வருடத்தின் சில நாட்களில் கால் மணி நேரம் வரை முந்தும், அல்லது பிந்தும். அன்றைய வித்தியாசத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, கடிகாரத்தின் வெளி வளையத்தைத் திருப்பிவிட்டால் அந்தத் திருத்தமும் சேர்ந்துவிடும். இனி செக்ஸ்டன்டில் சூரியனின் உயரத்தை அளந்து, அட்டவணையைப் பார்த்து, தன் விமானம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று விமானி வரைபடத்தில் பென்சிலால் இழுக்கலாம்.

இந்தக் கடிகாரம் பிறந்த நாட்களில் மட்டாஞ்சேரிக்கு எதிரே ஒரு தீவும் பிறந்துகொண்டிருந்தது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர் காயலின் வாயை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை உருவாக்கினார். 1928ல் முதல் கப்பல் உள்ளே வந்தது. பின்னர் அந்தத் தீவில் விமான ஓடுதளமும் அமைந்தது. 1935ல் டாடாவின் தபால் விமானம் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பறக்கத் தொடங்கியபோது, கடற்கரையைப் பார்த்துக்கொண்டே விமானி வழி கண்டுபிடிக்க முடிந்தது. கரையை விட்டு மேற்கே திரும்புபவருக்குத்தான் கடிகாரம் வேண்டும்.

அந்த வேலைக்கு ஆள் தயாரிக்கும் இடமாக இந்தத் தீவே மாறியது. 1953 மே மாதம் ஐ.என்.எஸ். கருடா இங்கு தொடங்கியது. இந்தியக் கடற்படையின் முதல் விமானத் தளம். கடற்படை விமானத்தில் வழி கணிப்பவரையும் எதிரியைத் தேடுபவரையும் 'அப்சர்வர்' என்பார்கள். அவர்களுக்கான பள்ளி இங்கேதான். 2020 செப்டம்பரில் பயிற்சி முடித்த குமுதினி தியாகி, ரிதி சிங் இருவரும் போர்க்கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் பணிபுரியத் தேர்வான முதல் பெண்கள். பொதுமக்களின் விமானங்களும் 1999ல் நெடும்பாசேரி விமான நிலையம் திறக்கும்வரை இந்த ஓடுதளத்தில்தான் இறங்கின.

லிண்ட்பெர்க் கடிகாரம் இன்று சேகரிப்பாளர்களின் பொக்கிஷம். அதன் மறுபதிப்புகளை வாங்குபவர்கள் அதில் பாகை படிக்க வேண்டிய அவசியமே இல்லை. நம் ஊரில் எச்.எம்.டி. 'பைலட்' என்று ஒரு கறுப்பு முகக் கடிகாரத்தை விற்றது. பெயரில் விமானி இருந்தாலும் அது நேரம் மட்டும் சொன்னது. ஏராளமான தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் சம்பளக் கடிகாரம் தந்த அந்த நிறுவனத்தின் கடிகாரத் தொழிலும் 2016ல் முடிவுக்கு வந்தது.

ஆனால் கடிகாரத்தின் தேவை முடியவில்லை; அது கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். செயற்கைக்கோள் வழிகாட்டி என்பது வானத்தில் மிதக்கும் கடிகாரக் கூட்டமே. ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 300 மீட்டர் பிழை. இந்தியாவின் சொந்த வழிகாட்டித் திட்டம் இந்தப் பாடத்தை வலியோடு கற்றது. முதல் செயற்கைக்கோளில் இருந்த வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் மூன்றும் பழுதாகிவிட்டதாக இஸ்ரோ 2017ல் அறிவித்தது. கோள் நலம், கடிகாரம் இல்லாததால் அதனால் வழிகாட்ட முடியவில்லை. 2023 மே மாதம் ஏவிய கோளில் உள்நாட்டில் செய்த அணுக் கடிகாரம் போனது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியோ, கைவிட்ட நட்சத்திரப் பாடத்தை 2015ல் மீண்டும் தொடங்கியது. மின்னணுக் கருவியை யாராவது முடக்கினால், மிஞ்சுவது செக்ஸ்டன்டும் நல்ல கடிகாரமும்தான் என்ற முன்யோசனை.

யூதத் தெருவில் நடந்தது வேறு வகை இழப்பு. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு, தமிழகத்துக்கும் பழக்கமான வட்டெழுத்தில் எழுதியது, இந்த ஆலயத்தின் சொத்து. அவ்வளவு நீண்ட வேர் கொண்ட சமூகம், 1948ல் இஸ்ரேல் பிறந்த பிறகு கிட்டத்தட்ட ஒரே தலைமுறையில் கிளம்பிப் போனது. துரத்தியவர் யாருமில்லை. முழு வழிபாட்டுக்குத் தேவையான பத்து ஆண்கள் உள்ளூரில் தேறாத நிலை வந்தது. பூத்தையல் போட்டு விற்று தெருவுக்கே முகமாக இருந்த சாரா கோஹன் 2019ல் தன் 96ஆம் வயதில் மறைந்தார். 2024 ஆகஸ்டில் குவீனி ஹலேகுவா மறைந்தபோது, மட்டாஞ்சேரியின் பரதேசி யூதப் பெண்களில் கடைசி ஒருவரும் போய்விட்டார்.

பல பத்தாண்டுகள் நின்று கிடந்த மணிக்கூண்டை 1990களின் இறுதியில் உலக நினைவுச்சின்ன நிதியம் சீரமைத்தது. மரமும் சுண்ணாம்பும் புதுப்பிக்கக் கூடியவை. ஹீப்ரு முகத்தை நிமிர்ந்து பார்த்துத் தொழுகைக்கு விரையும் மனிதர்களை எந்த நிதியமும் திரும்பக் கொண்டுவர முடியாது. கடலில் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிய, புறப்பட்ட ஊரின் நேரத்தை மாலுமி கூடவே சுமந்து செல்வார். மட்டாஞ்சேரி யூதர்கள் போனபோது தங்கள் ஊரின் நேரத்தை இந்தக் கூண்டிலேயே விட்டுப் போனார்கள். இன்று அதைக் காத்து வருவது பெரும்பாலும் அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர்கள்.